2 விநாடி பாக்கி: சாவேஸ்–டெய்லர் சண்டையை ரெஃப்ரீ நிறுத்தியது சரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் குத்துச்சண்டை? என்னதான் நடந்தது?

1990 மார்ச் 17, லாஸ் வேகஸ் ஹில்டன் ஓட்டல். 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ எடைப் பிரிவு. மெக்சிகோவின் ஹூலியோ சேசர் சாவேஸிடம் டபிள்யூபிசி பட்டம் இருந்தது, ஃபிலடெல்ஃபியாவின் மெல்ட்ரிக் டெய்லரிடம் ஐபிஎஃப் பட்டம் இருந்தது. இரண்டும் உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகள். இருவரும் அதுவரை தோற்றதே இல்லை. சாவேஸுக்கு 27 வயது, டெய்லருக்கு 23. டெய்லர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 17 வயதிலேயே தங்கம் வாங்கியவர்.

12 ரவுண்டு சண்டை. டெய்லர் கை வேகத்தில் சாவேஸைத் திணறடித்தார். ஒருமுறை கை நீட்டினால் நான்கைந்து குத்துகள் தொடர்ந்து போகும். சாவேஸின் குத்துகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கனம். நடு ரவுண்டுகளிலேயே டெய்லரின் வாயில் ரத்தம் வடிய ஆரம்பித்துவிட்டது, முகம் வீங்கிவிட்டது. 12வது ரவுண்டு முடியப் பதினைந்து விநாடி சொச்சம் இருக்கும்போது சாவேஸின் வலக்கைக் குத்தில் டெய்லர் கார்னரில் விழுந்தார். கயிற்றைப் பிடித்து எழுந்தார். ரெஃப்ரீ ரிச்சர்ட் ஸ்டீல் 8 வரை எண்ணினார். நன்றாக இருக்கிறாயா என்று இரண்டு முறை கேட்டார். பதில் வரவில்லை. கையை வீசி நிறுத்திவிட்டார், வெற்றி சாவேஸுக்குப் போனது. அதிகாரபூர்வ நேரம்: 12வது ரவுண்டு, 2 நிமிடம் 58 விநாடி. ரவுண்டு 3 நிமிடம்.

நிறுத்தாமல் விட்டிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

டெய்லர்தான். இதில் வாதத்துக்கே இடமில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் குத்து வாங்கிக் கீழே விழுந்தால், அதாவது நாக் டவுன் ஆனால், பொதுவாக 10–8. 11 ரவுண்டு முடிந்தபோது மூன்று ஜட்ஜுகளின் கார்டு இப்படி இருந்தது: ஜெர்ரி ராத் 108–101 டெய்லருக்கு. டேவ் மொரெட்டி 107–102 டெய்லருக்கு. சக் ஜியாம்பா 105–104 சாவேஸுக்கு. கடைசி ரவுண்டை சாவேஸுக்கு 10–8 என்று எழுதினாலும் முதல் கார்டு 116–111, இரண்டாவது 115–112 என்று டெய்லர் பக்கமே நிற்கும். மூன்றாவது மட்டும் 115–112 சாவேஸ் பக்கம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டெய்லருக்கு வெற்றி, கையில் இரண்டு பட்டம்.

ஒரு ஜட்ஜ் 9 ரவுண்டை டெய்லருக்குக் கொடுத்திருக்கிறார், இன்னொருவர் 5 ரவுண்டுதான் கொடுத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். வேகத்தைப் பார்த்து எழுதினால் ஒரு கணக்கு வரும், அடியின் கனத்தைப் பார்த்து எழுதினால் வேறு கணக்கு வரும். ரெஃப்ரீ மேல் எல்லாரும் பாய்ந்ததில் இந்த முரண்பாடு யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

முன்னணியில் இருக்கிறார் என்று தெரிந்துமா டெய்லர் கடைசி ரவுண்டில் மோதப் போனார்?

லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் நடுவில் ஸ்கோரை அறிவிப்பதில்லை. கார்னரில் இருப்பவர்களும், அதாவது பயிற்சியாளர்களும், குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். டெய்லரின் கார்னரில் இருந்தவர்கள் லூ டூவா, ஜார்ஜ் பென்டன். இருவருமே தொழிலில் பழுத்தவர்கள். கடைசி ரவுண்டும் நமக்கு வேண்டும் என்று சொல்லித்தான் டூவா அனுப்பினார். டெய்லர் இயல்பிலேயே ஒதுங்கிப் போகாதவர். அப்படிப்பட்டவரிடம் இதைச் சொன்னால் எதிராளியைச் சுற்றி ஓடி 3 நிமிடத்தைக் கழிக்க மாட்டார், நேருக்கு நேர் நிற்பார். அப்படித்தான் நின்றார்.

அந்தச் சண்டையில் ஒரே ஒரு முடிவை மாற்றலாம் என்றால், ஸ்டீல் நிறுத்தியதை நாங்கள் தொட மாட்டோம். 11வது ரவுண்டுக்கும் 12வது ரவுண்டுக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாற்றுவோம்.

விதிப்படி சண்டையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

ரிங்குக்குள் ரெஃப்ரீக்கு மட்டும். டாக்டர் நிறுத்தச் சொல்லலாம், கார்னர் வேண்டிக்கொள்ளலாம், ஆனால் கையை வீசுவது ரெஃப்ரீ. பாயிண்ட் யாருக்கு எவ்வளவு என்று ஸ்டீலுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நெவாடாவில் ஸ்கோர் போடுவது ரிங்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மூன்று ஜட்ஜுகள், ரெஃப்ரீ இல்லை. “ஜெயித்துக்கொண்டிருந்தவரை நிறுத்திவிட்டாரே” என்ற குற்றச்சாட்டு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

நாக் டவுனுக்குப் பிறகு ரெஃப்ரீ வரிசையாக என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில், அடித்தவரைத் தூரத்தில் இருக்கும் நியூட்ரல் கார்னருக்கு, அதாவது இரு தரப்புக்கும் சொந்தமில்லாத மூலைக்கு, அனுப்ப வேண்டும். அவர் போகாவிட்டால் எண்ணுவதை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் ரிங்குக்குக் கீழே இருக்கும் டைம்கீப்பர் எண்ணத் தொடங்கியிருப்பார். ரெஃப்ரீ ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல், டைம்கீப்பரின் எண்ணை வாங்கிக்கொண்டு அங்கிருந்து தொடர வேண்டும். விழுந்தவர் 2 எண்ணும்போதே எழுந்துவிட்டாலும் 8 வரை கட்டாயம் எண்ணியாக வேண்டும். இதற்குக் கட்டாய எட்டு எண்ணிக்கை என்று பெயர். அந்த அவகாசமே பரிசோதனைக்காகத்தான் தரப்படுகிறது.

எண்ணும்போது ரெஃப்ரீயின் கண் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று, கண். பார்வை தன்மேல் நிலைக்கிறதா, அலைகிறதா? இரண்டு, கால். பாதம் தரையில் பதிந்திருக்கிறதா, முழங்கால் மடங்குகிறதா, கயிற்றை விட்டால் நிற்பாரா? மூன்று, கை. சொல்லாமலே கையைத் தூக்கித் தற்காப்புக்கு வருகிறாரா? 8 ஆனதும் கேள்வி: நன்றாக இருக்கிறாயா, தொடர வேண்டுமா? நல்ல ரெஃப்ரீ வாய்ப் பதிலோடு நிற்க மாட்டார், “என்னிடம் நடந்து வா” என்பார். வாயால் சரி என்று சொல்வது எளிது, நேராக இரண்டு அடி எடுத்து வைப்பதில்தான் உண்மை தெரியும். பிறகு கிளவுஸைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, “பாக்ஸ்” என்று சொல்லி விலகுவார்.

இந்த வரிசையில் எது தவறினாலும் சர்ச்சைதான். அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் மைக் டைசன்–பஸ்டர் டக்ளஸ் சண்டை. 8வது ரவுண்டில் டக்ளஸ் விழுந்தபோது ரெஃப்ரீ ஒக்டாவியோ மேரன் டைம்கீப்பரின் எண்ணை வாங்கவில்லை, தன் போக்கில் எண்ணினார் என்று டைசன் தரப்பு குதித்தது. ஐந்து வாரம் கழித்து லாஸ் வேகஸில் ரிங்குக்குள் ஏறிய ஸ்டீலின் ஒவ்வொரு எண்ணையும் குத்துச்சண்டை உலகம் உற்றுப் பார்த்ததில் வியப்பில்லை.

ஸ்டீல் இதில் எதைச் சரியாகச் செய்தார், எதைத் தவறவிட்டார்?

சரியாகச் செய்தவை: 8 வரை முழுதாக எண்ணினார், டெய்லரின் முகத்துக்கு நேரே நின்றார், ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார்.

தவறவிட்டது ஒன்று உண்டு. டெய்லரைக் கார்னரிலிருந்து வெளியே நடக்க வைக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் ஒருவரைக் கயிற்றை விட்டு வரச் சொன்னால் ஒரு விநாடியில் விடை கிடைத்திருக்கும். தள்ளாடியிருந்தால் உலகமே பார்த்திருக்கும், ஸ்டீல் மேல் பழி வந்திருக்காது. நேராக வந்திருந்தால் சண்டை தொடர்ந்திருக்கும். இதோடு ஒப்பிட ஒரு சண்டை இருக்கிறது. 2018 டிசம்பர் 1, லாஸ் ஏஞ்சலஸ், டியான்டே வைல்டர்–டைசன் ஃப்யூரி. 12வது ரவுண்டில் ஃப்யூரி மல்லாந்து விழுந்தார், கதை முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஃப்யூரி எழுந்ததும் ரெஃப்ரீ ஜாக் ரைஸ் கேள்வி கேட்டதோடு விடவில்லை, பக்கவாட்டில் நடந்து திரும்பி வரச் சொன்னார். ஃப்யூரி நடந்து காட்டினார், சண்டை தொடர்ந்தது, டிராவில் முடிந்தது. ரைஸ் செய்ததைத்தான் இப்போது புதிதாக வரும் ரெஃப்ரீகள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஃப்யூரி கேள்விக்குப் பதில் சொன்னார், டெய்லர் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடக்கூடாது.

டெய்லர் பதில் சொல்லாததற்கு லூ டூவாதான் காரணமா?

பெரும் பங்கு அவருடையது என்பதே எங்கள் கருத்து. வீடியோவில் இது தெளிவாகத் தெரிகிறது. ஸ்டீல் கேட்கும் அதே நேரத்தில் டூவா கத்திக்கொண்டே ரிங்கின் விளிம்பில் ஏறுகிறார். டெய்லரின் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. கேள்வி கேட்பவரைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்ப்பவரை ரெஃப்ரீ எப்படி எடுத்துக்கொள்வார்? நினைவு தப்புகிறது என்றுதான்.

ரவுண்டு நடக்கும்போது கார்னர் ஆள்கள் ரிங்கின் விளிம்பில் ஏறக்கூடாது. தங்கள் ஆளைத் தோற்றவராக அறிவிக்கும் அளவுக்குக்கூட அது போகலாம். டூவாவுக்கு அது தெரியாமல் இல்லை, பதற்றத்தில் ஏறிவிட்டார். 2 விநாடி பொறுத்திருந்தால் டெய்லரின் கண் ஸ்டீல் மேல் இருந்திருக்கும்.

டெய்லர் தலையசைத்தார் என்று அவர் தரப்பு சொல்லும். வீடியோவை எத்தனை முறை ஓட்டினாலும் ரெஃப்ரீக்குப் புரியும்படியான தலையசைப்பு எங்கள் கண்ணில் படவில்லை.

2 விநாடிதானே? விட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஸ்டீலுக்கு எதிரான வாதங்களில் வலுவானது இதுதான், எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. சாவேஸ் தள்ளி நின்றார். ஸ்டீல் விலகி, “பாக்ஸ்” என்று சொல்லி, சாவேஸ் ஓடி வந்து குத்துவதற்குள் பெல் அடித்திருக்கும். ஆக, அந்த நிறுத்தம் டெய்லரை ஒரு குத்திலிருந்துகூடக் காப்பாற்றவில்லை. பாதுகாப்புக்காக நிறுத்தினேன் என்று சொன்னால், எதிலிருந்து பாதுகாப்பு?

ஸ்டீலின் பதில், நான் டைம்கீப்பர் இல்லை, நேரம் என் கவலையில்லை, போதும் என்ற நிலையில் ஒருவரைப் பார்த்தால் நிறுத்துவேன் என்பது. பலருக்கு இது பிடிவாதமாகத் தோன்றியது. ஆனால் 8 எண்ணி முடித்ததும் ரெஃப்ரீ முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இவர் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா? ஆம் என்றால் தொடரலாம், இல்லை என்றால் நிறுத்த வேண்டும். “இல்லை, ஆனால் நேரம் கொஞ்சம்தான்” என்று மூன்றாவது பதில் விதியில் கிடையாது. அப்படி ஒன்றை அனுமதித்தால் எல்லை எங்கே? 2 விநாடி சரி என்றால் 5 விநாடி? ஒரு குத்து போய்ச் சேர ஒரு விநாடிகூட வேண்டாம்.

இந்த இடத்தில் நாங்கள் ஸ்டீல் பக்கம். தகுதி இல்லை என்று மனதில் பட்ட பிறகு நிறுத்தியது சரி. தகுதி இல்லை என்ற முடிவுக்கு வந்த விதத்தில்தான் அவசரம் தெரிகிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் இந்த வாதம் முடியாமல் நீள்கிறது.

கார்னர் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததே, அதை அவர் பார்க்கவில்லையா?

ரவுண்டு முடிய 10 விநாடி இருக்கும்போது அந்த விளக்கு எரியும். டெய்லர் நின்ற கார்னரிலேயே அது எரிந்ததைப் படத்தில் காணலாம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது ஸ்டீலுக்குத் தெரியாது என்று சாதிக்க முடியாது. ஆனால் விளக்கு, பத்துக்குள் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இரண்டா ஒன்பதா என்று சொல்லாது. அதைப் பார்க்க அவர் டெய்லரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் ரெஃப்ரீ கண்ணை எடுக்கவே கூடாத இடம் அந்த முகம்தான்.

டான் கிங்குக்காகத்தான் ஸ்டீல் நிறுத்தினார் என்கிறார்களே?

டான் கிங் சாவேஸின் புரமோட்டர், அதாவது அவருடைய சண்டைகளை ஏற்பாடு செய்பவர் என்பது உண்மை. ஓராண்டு கழித்து, 1991 மார்ச் 18 அன்று டைசன்–ரேஸர் ரடாக் சண்டையின் 7வது ரவுண்டில், ரடாக் விழாமல் நின்றுகொண்டிருக்கும்போதே ஸ்டீல் நிறுத்தியதும், ரிங்குக்குள் இரு தரப்பும் கைகலந்ததும் உண்மை. டைசனுக்கும் கிங்தான் புரமோட்டர். சந்தேகம் வளர்ந்தது இதனால்தான். ஆனால் சதி என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதரின் நேர்மையை இழுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. 2014இல் ஸ்டீல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

டெய்லருக்கு உண்மையில் எவ்வளவு அடி?

கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் முறிவு. வாயில் வெட்டு, அதிலிருந்து நிறைய ரத்தத்தை விழுங்கியிருந்தார். சிறுநீரில் ரத்தம். சண்டை முடிந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 1991 ஜனவரியில் ஆரன் டேவிஸை வென்று டபிள்யூபிஏ என்ற இன்னொரு அமைப்பின் வெல்டர் வெயிட் எடைப் பிரிவுப் பட்டம் வாங்கினார் என்றாலும், பழைய வேகம் திரும்பவில்லை. பின்னாளில் பேச்சும் குழறியது.

இதை ஸ்டீலுக்குச் சாதகமான சாட்சியாகச் சிலர் வைக்கிறார்கள். அது தவறு. எலும்பு முறிந்தது ஸ்டீலுக்கு அப்போது தெரியாது. பின்னால் தெரிய வந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை நியாயப்படுத்தக் கூடாது, குறைசொல்லவும் கூடாது. இதில் வேறொரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்பவர்கள் குறைவு: 9வது, 10வது ரவுண்டுக்குப் பிறகு கார்னரே துண்டைப் போட்டு, போதும் என்று தங்கள் ஆளை விலக்கியிருக்க வேண்டாமா? பாயிண்டில் முன்னால் இருக்கும் ஆளை யாரும் வெளியே எடுக்க மாட்டார்கள். ஆபத்தும் அதனால்தான் கண்ணில் படாமல் வளர்கிறது.

தாமதமாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டா?

உண்டு, வலிக்கும் உதாரணங்கள். 1962 மார்ச் 24, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எமில் கிரிஃபித் கார்னரில் சிக்கிய பென்னி பாரெட்டைத் தொடர்ந்து குத்தினார். ரெஃப்ரீ ரூபி கோல்ட்ஸ்டைன் தாமதமாகவே குறுக்கே வந்தார். பாரெட் ஏப்ரல் 3 அன்று இறந்தார். 1982 நவம்பர் 13, லாஸ் வேகஸில் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரியாவின் கிம் டுக்கூ 14வது ரவுண்டில் விழுந்தார், சில நாளில் உயிர் போனது. அதன்பிறகுதான் டபிள்யூபிசி பட்டச் சண்டைகளை 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைத்தது. சாவேஸ்–டெய்லர் 12 ரவுண்டாக நடந்ததே அதனால்தான்.

முடிவை எதிர்த்து முறையிட முடியாதா?

முடியும், ஆனால் வாசல் குறுகலானது. குத்துச்சண்டையையும் மேற்பார்வையிடும் நெவாடா தடகள ஆணையத்தின் விதிப்படி ஒரு முடிவை மாற்ற வேண்டுமென்றால், முடிவைப் பாதிக்கும் கூட்டுச்சதி நடந்திருக்க வேண்டும், அல்லது ஸ்கோர் கார்டைக் கூட்டியதில் பிழை இருந்து தோற்றவருக்கு வெற்றி போயிருக்க வேண்டும், அல்லது ரெஃப்ரீ விதியையே தவறாகப் பொருள்கொண்டிருக்க வேண்டும். “அவர் கணிப்பு தப்பு” என்பது இதில் எதிலும் அடங்காது. சாவேஸின் வெற்றி டெக்னிக்கல் நாக் அவுட், அதாவது ரெஃப்ரீ நிறுத்தியதால் வந்த வெற்றி என்றே பதிவில் நிற்கிறது.

பட்டம் வழங்கும் அமைப்பு மறுசண்டைக்கு உத்தரவிடலாம், அது வேறு வழி. 2013 நவம்பர் 23, மான்செஸ்டரில் கார்ல் ஃப்ராச்–ஜார்ஜ் க்ரோவ்ஸ் சண்டையை 9வது ரவுண்டில் ஹவர்ட் ஃபாஸ்டர் நிறுத்தியபோது க்ரோவ்ஸ் விழவே இல்லை, பாயிண்டிலும் முன்னால் இருந்தார். க்ரோவ்ஸின் முறையீட்டை ஏற்று ஐபிஎஃப் மறுசண்டைக்கு உத்தரவிட்டது. 2014 மே 31 வெம்ப்ளியில் நடந்த அந்தச் சண்டையில் ஃப்ராச் 8வது ரவுண்டில் ஒரே குத்தில் முடித்துவிட்டார். டெய்லருக்கு மறுசண்டை 1994 செப்டம்பர் 17 அன்றுதான் கிடைத்தது. சாவேஸ் 8வது ரவுண்டில் வென்றார். நான்கரை ஆண்டு தாமதமான அந்தச் சண்டையை வைத்து 1990ஐப் பற்றி எதையும் நிறுவ முடியாது.

எண்ணி முடிப்பதற்குள் பெல் அடித்தால், கீழே விழுந்தவரைக் கடைசி ரவுண்டில் அது காப்பாற்றுமா?

அப்போது பல இடங்களில் கடைசி ரவுண்டில் மட்டும் காப்பாற்றியது. இப்போது அமெரிக்க ஆணையங்களின் பொது விதியில் எந்த ரவுண்டிலும் கிடையாது. பெல் அடித்தாலும் எண்ணிக்கை தொடரும்.

நம் ஊர் அமெச்சூர் போட்டிகளில் எப்படி?

அங்கே ரெஃப்ரீ இன்னும் சீக்கிரம் நிறுத்துவார், நிறுத்தவும் வேண்டும். கீழே விழாவிட்டாலும் பலமான அடி பட்டால் நிற்க வைத்தே 8 எண்ணலாம். ஒரே ரவுண்டில் 3 முறை எண்ணினால் சண்டை முடிந்தது. 3 ரவுண்டுதான் என்பதால் பிள்ளைகள் முதல் மணியிலிருந்தே முழு வேகத்தில் போவார்கள். மூன்றாவது ரவுண்டில் கை தொங்க ஆரம்பித்ததும் கோச் கவனிக்க வேண்டும், ரெஃப்ரீக்காகக் காத்திருக்கக் கூடாது.

வீடியோவைப் பார்த்து நானே முடிவுக்கு வர என்ன செய்யலாம்?

கடைசி 20 விநாடியை மட்டும் பார்த்துவிட்டு வாதத்துக்கு வராதீர்கள். 10வது ரவுண்டிலிருந்து தொடங்குங்கள். வர்ணனையின் சத்தத்தை அடைத்துவிடுங்கள், வர்ணனையாளரின் குரல் ஏறும்போது நம் கணிப்பும் கூடவே ஏறிவிடும். திரையில் ஓடும் கடிகாரத்தை ஒரு துண்டுக் காகிதத்தால் மறையுங்கள். ஸ்லோ மோஷன் வேண்டாம். மெதுவாக ஓட்டினால் டெய்லருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்ததுபோலத் தோன்றும், உண்மையில் ஸ்டீலின் இரண்டு கேள்விகளும் சில விநாடிக்குள் முடிந்துவிட்டன.

முதல் முறை டெய்லரின் காலை மட்டும் பாருங்கள். இரண்டாவது முறை கயிற்றைப் பிடித்த கையை, எப்போது விடுகிறார் என்று. மூன்றாவது முறை கண்ணை. நான்காவது முறை ஸ்டீல் நிற்கும் இடத்திலிருந்து அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பாருங்கள், ஏனென்றால் கேமரா பார்த்த கோணம் அவருடையது அல்ல. ஒவ்வொரு முறையும் “தொடரலாம்” அல்லது “நிறுத்து” என்று எழுதி வைத்துவிட்டு, கடைசியில்தான் கடிகாரத்தின் மேலிருக்கும் காகிதத்தை எடுக்க வேண்டும்.